பூண்டு எடுத்த பாத்தியில் ஆறு வாரம்: பக்வீட் எனும் மூடுபயிர்

ஜூலை மூன்றாம் வாரம், டொராண்டோ பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் பூண்டு எடுக்கும் காலம். முந்தைய அக்டோபரில் ஊன்றியது, குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் கிடந்து, ஏப்ரலில் தலைகாட்டி, நடுக்கோடையில் கைக்கு வரும். கீழ் இலைகள் நாலைந்து காய்ந்ததும் தோண்டி, மண்ணைத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் கட்டித் தொங்கவிட்டால் பூண்டு வேலை முடிந்தது. ஆனால் பாத்தி? பத்தடி நீளம், நாலடி அகலத்துக்கு வெறும் மண் வெயிலில் கிடக்கும். தக்காளி, கத்தரி நடும் பருவம் எப்போதோ போய்விட்டது. செப்டம்பரில் போடும் பசலைக்கும் வெந்தயக்கீரைக்கும் இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதல் வருடம் நான் ஒன்றும் செய்யவில்லை. மண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று நினைத்து அப்படியே விட்டேன். ஆகஸ்டில் இரண்டு இடிமழை பெய்தது. புதிதாக வீடு கட்டிய பகுதி எங்களுடையது. மேல்மண்ணை வாரி எடுத்துவிட்டு, வீடு முடிந்ததும் அதில் கொஞ்சத்தை மட்டும் பரப்பி அதன்மேல் புல்லை விரித்திருந்தார்கள். அடியில் முழுக்கக் களிமண். வெறும் களிமண்ணில் மழைத்துளி விழும்போது மேலே இருக்கும் சின்னச் சின்ன மண் உருண்டைகள் உடைந்து மாவாகின்றன. அந்த மாவு மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்கிறது. அடுத்த நாள் வெயில் பட்டதும் அது ஓடாக இறுகுகிறது. நகத்தால் பெயர்த்துப் பார்த்தேன், தோசைக்கல்லில் ஒட்டிக் காய்ந்த மாவு போலத் துண்டு துண்டாக வந்தது. ஓட்டின் வெடிப்புகளில் சக்கரவர்த்திக் கீரையும் பருப்புக்கீரையும் முளைத்துவிட்டன. ஊரில் காசு கொடுத்து வாங்குகிற இந்த இரண்டும் இந்த நாட்டில் களை. விதை விட்டுவிட்டால் பிறகு வருடக்கணக்கில் பிடுங்க வேண்டியதுதான்.

வெறும் மண்ணாகக் கிடப்பது மண்ணுக்கு ஓய்வே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. மண்ணுக்கு மேலே ஒரு இலைக்கூரையும், உள்ளே உயிருள்ள வேரும் இருக்க வேண்டும். அந்த வேரிலிருந்து கசியும் சர்க்கரையை நம்பித்தான் மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் வாழ்கின்றன. வேர் இல்லாத மண்ணில் அவை பட்டினி கிடக்கும்.

இதற்காகவே, நாம் பறித்துச் சாப்பிடும் நோக்கம் இல்லாமல், மண்ணை மூடிக் காப்பதற்கென்று வளர்க்கும் பயிரை மூடுபயிர் என்கிறோம். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. நடவுக்கு முன்னால் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து, நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூவெடுக்கும் சமயம் சேற்றில் மடக்கி உழுவார்கள். பசுந்தாள் உரம் என்பது அதுதான். (தக்கைப்பூண்டு என்பதில் உள்ள பூண்டு, செடி என்ற பழைய பொருளில் வருவது. நாம் உரிக்கும் பூண்டுக்கும் அதற்கும் உறவில்லை.) மடக்கி உழுதால் பசுந்தாள் உரம், மண்ணை மூடி நிற்கும் வரை மூடுபயிர். ஒரே செடி இரண்டு வேலையும் பார்க்கலாம்.

குளிர் நாட்டில் கோடையின் இந்தச் சின்ன இடைவெளிக்கு நான் பார்த்தவற்றில் மிகப் பொருத்தமானது பக்வீட்.

பெயரில் ‘வீட்’ இருப்பதால் கோதுமை என்று நினைத்துவிடுவோம். இது புல் இனமே கிடையாது. நம்ம சுக்காங்கீரை எந்தக் குடும்பமோ அந்தக் குடும்பம். விதை மூன்று பட்டையாக, கரும்பழுப்பாக, சின்னஞ்சிறு கூம்பு மாதிரி இருக்கும். ஐரோப்பியக் காடுகளில் வளரும் பீச் மரத்தின் கொட்டையும் இதே மூன்று பட்டை வடிவம்தான் (பழம் தரும் பீச் வேறு, இது வேறு). அதனால் டச்சுக்காரர்கள் ‘பீச் கோதுமை’ என்ற பொருளில் வைத்த பெயர் ஆங்கிலத்தில் பக்வீட் ஆகிவிட்டது. மனிதர்கள் இதை முதலில் பயிராக்கியது தென்மேற்குச் சீனாவில். அங்கிருந்து ஜப்பானுக்குப் போய் சோபா நூடுல்ஸ் ஆயிற்று, ரஷ்யாவுக்குப் போய் காஷா என்ற கஞ்சி ஆயிற்று. வட இந்தியாவில் நவராத்திரி விரதத்துக்குப் பூரி சுடும் ‘குட்டு ஆட்டா’ இதன் மாவுதான். தானியம் சாப்பிடக் கூடாத விரதத்தில் இது செல்லும், ஏனென்றால் புல்லில் விளைந்த தானியம் இல்லையே! எங்களுக்குத் தெற்கே, ஒன்டாரியோ ஏரியின் மறுகரையில் உள்ள நியூயார்க் மாநிலத்தில், பென் யான் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1797-இல் தொடங்கிய ஒரு மில் இன்றும் பக்வீட் அரைக்கிறது. இந்த மண்ணும் குளிரும் அதற்கு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, வீட்டுத் தோட்டத்துக்கு இதனால் என்ன லாபம்?

முதல் லாபம் வேகம். போட்ட நாலைந்து நாளில் முளைக்கும். இரண்டு வாரத்தில் மண் தெரியாமல் மூடிவிடும். ஐந்து வாரத்தில் பூக்கும். களை முளைத்துத் தலை தூக்குவதற்குள் இதன் இலைகள் மேலே விரிந்து வெளிச்சத்தை மறித்துவிடுகின்றன. களையை அடக்குவது பெரும்பாலும் இந்த நிழல்தான். ஆனால் ஆழமான வேரிலிருந்து திரும்பத் திரும்பக் கிளம்பும் முட்செடிகளையும் கொடிகளையும் இது ஒன்றும் செய்யாது. அவற்றை விதைப்பதற்கு முன்பே வேரோடு தோண்டி எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வேர். ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கிப் பாருங்கள். தடித்த ஆணிவேர் எதுவும் பெரிதாகத் தெரியாது, தலைமுடி போல மெல்லிய வேர்கள் மண்ணை உருண்டை உருண்டையாகப் பிடித்துக்கொண்டு வரும். மேல்மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவது இந்த வேர்கள்தான். பக்வீட் கெட்டித் தரையை உடைக்கும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அடியில் இறுகிய தரைக்குள் இதன் வேர் போகாது. அதற்கு நீள முள்ளங்கி விதைப்பதே சரி.

அதே வேரில் இன்னொன்றையும் கவனிக்கலாம். சணப்பு, தக்கைப்பூண்டு வேரில் இருக்கும் முடிச்சுகள் இதில் இருக்காது. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றித் தரும். பக்வீட்டுக்கு அந்த வித்தை தெரியாது. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் தழைச்சத்தை உறிஞ்சி, மழையில் கரைந்து ஓடாமல் தன் உடம்பில் வைத்திருந்து, மக்கும்போது திருப்பிக் கொடுக்கும். அவ்வளவுதான். களிமண்ணில் இறுகிக் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்து எடுப்பதில் கெட்டிக்காரச் செடி என்பது உண்மை. அதிலும் ஒரு பங்கு அடுத்த பயிருக்குக் கிடைக்கும். ஆனாலும் இதை உரமாக நினைத்து வளர்க்காதீர்கள். தொழு உரமோ கம்போஸ்டோ போடும் வேலை அப்படியேதான் இருக்கும்.

விதைப்பு

விதையை விதைக் கடையில் வாங்குங்கள், தோலோடு இருக்க வேண்டும். மளிகைக் கடையில் காஷா என்று விற்கும் வறுத்தது முளைக்கவே முளைக்காது. தோல் நீக்கிய, வறுக்காத பக்வீட் பருப்பு ஊறவைத்தால் முளை கட்டும், ஆனால் மண்ணில் போட்டால் நிறைய அழுகிப்போகும்.

மண் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் மே மாதக் கடைசிக்கு முன் அவசரப்பட வேண்டாம், லேசான உறைபனி பட்டாலே செத்துவிடும் செடி இது. ஜூலையில் அந்தக் கவலை இல்லை. பூண்டு எடுத்த கையோடு கட்டிகளை உடைத்து, ரேக்கால் சமப்படுத்தி, சதுர மீட்டருக்குப் பத்து கிராம் என்ற கணக்கில் தூவினால் போதும். நான் சொன்ன பத்துக்கு நாலடிப் பாத்திக்குச் சுமார் நாலு மேசைக்கரண்டி வரும். தராசு இல்லாவிட்டால் தூவியபின் ஒரு ஏ4 தாள் அளவு இடத்தை எண்ணிப் பாருங்கள், இருபது விதை இருந்தால் சரி. குறைந்தால் இடைவெளியில் களை வரும். ரொம்ப நெருக்கினால் தண்டு மெலிந்து சாயும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வீசாமல், பாதியை நீளவாட்டிலும் மீதியைக் குறுக்குவாட்டிலும் தூவினால் சீராக விழும். பிறகு ரேக்கை லேசாக இழுத்து, ஒன்றிரண்டு செ.மீ. ஆழத்தில் மண்ணுக்குள் தள்ளிவிட்டு, காலால் மெதுவாக மிதியுங்கள். மேலே கிடந்தால் சிட்டுக்குருவியும் புறாவும் ஒரு காலையில் துடைத்துவிடும்.

உரம் வேண்டாம். பூண்டுக்குப் போட்ட கம்போஸ்டின் மிச்சமே இதற்கு அதிகம். சத்து கூடினால் கொழுத்து வளர்ந்து காற்றில் படுத்துவிடும். முளைக்கும் வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், அப்புறம் மழை பார்த்துக்கொள்ளும். ஆகஸ்ட் மதியத்தில் இலைகளெல்லாம் துவண்டு தொங்குவதைப் பார்த்துப் பதறி ஹோஸை எடுக்காதீர்கள். மாலையில் தானாக நிமிரும். மறுநாள் காலையிலும் துவண்டே இருந்தால் தண்ணீர் விடுங்கள். இது தாங்காதது தண்ணீர் தேங்குவதை. மூலையில் குட்டை கட்டும் இடத்தில் மஞ்சளித்து நின்றுவிடும்.

முளைக்கும்போது இரண்டு வித்திலைகளும் அகலமாக, சிறுநீரக வடிவில் விரியும். சில முளைகள் கருத்த விதைத்தோலைத் தொப்பி மாதிரி தலையில் மாட்டிக்கொண்டு வரும். தண்டு சிவப்பு. அடுத்து வரும் இலைகள் இதய வடிவம். பார்க்கக் கீரை போலவே இருப்பதால் கூட்டு வைக்கலாமா என்று நம் கை துறுதுறுக்கும். இமயமலைப் பக்கம் இளந்தளிரைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் பச்சை இலையையும் பூவையும் நிறையச் சாப்பிட்டால், அதிலுள்ள ஒரு பொருளால் வெயில் பட்ட தோலில் எரிச்சலும் தடிப்பும் வரும். ஆடு, முயல் வளர்ப்பவர்களும் இதை வெட்டி அவற்றுக்குத் தீனியாகப் போடக் கூடாது.

எப்போது வெட்டுவது

எனக்கு இதில்தான் மனசு கஷ்டப்படும். ஐந்தாம் வாரம் முதல் பூ விரிந்ததும், இடுப்பு உயரத்துக்குப் பாத்தி முழுக்க வெள்ளை. ஒரு பூவைக் கிள்ளிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிளகளவுதான் இருக்கும். ஐந்து வெள்ளை இதழ், நடுவே எட்டு மகரந்தத்தாள்கள், அவற்றின் அடியில் இடையிடையே எட்டு மஞ்சள் புள்ளி. தேன் சுரப்பது அந்தப் புள்ளிகளில். இன்னொரு செடியின் பூவையும் பறித்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஒரு செடியின் பூவில் நடுவே உள்ள சூல்தண்டுகள் நீண்டு மகரந்தத்தாள்கள் குட்டையாக இருக்கும், மற்றதில் நேர் எதிர். ஒரு வகைப் பூவின் மகரந்தம் மற்ற வகைப் பூவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் விதை பிடிக்கும். அதனால் இந்தச் செடிக்குப் பூச்சி இல்லாமல் வாழ்க்கை இல்லை. தேன் சுரப்பது பெரும்பாலும் காலையில்தான். ஒன்பது மணிக்குப் பாத்தியருகே நின்றால் இரைச்சல் காதில் விழும். மதியம் போனால் ஒன்றும் இருக்காது. தேனீக்களோடு, தேனீ மாதிரியே உடம்பில் கோடு போட்ட சின்ன ஈக்களும் வரும், காற்றில் அந்தரத்தில் நின்றுகொண்டே இருக்கும். அவற்றை விரட்டாதீர்கள். அவற்றின் புழுக்கள்தான் அவரையிலும் மிளகாயிலும் மொய்க்கும் அசுவினியைத் தின்பவை.

ஆனால் அந்தப் பூக்கள் விதையாகும் முன் வெட்டியாக வேண்டும். பக்வீட் ஒரேயடியாகப் பூத்து ஒரேயடியாகக் காய்க்கும் செடி அல்ல. மேலே புதுப்பூ விரிந்துகொண்டிருக்கும்போதே கீழே விதை முற்றத் தொடங்கிவிடும். முற்றியது உடனே உதிரும். பூக்கத் தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள் வெட்டிவிட வேண்டும் என்பது கணக்கு. நான் முதன்முதலாக விதைத்த வருடம் பூவின் அழகில் மயங்கி நாலு வாரம் விட்டுவிட்டேன். அடுத்த ஜூனில் கொத்தமல்லிப் பாத்தி முழுக்கச் சிவப்புத் தண்டு முளைகள். பக்வீட் முளையைப் பிடுங்குவது சுலபம், இரண்டு விரலில் வந்துவிடும். ஆனாலும் கொத்தமல்லியைக் காப்பாற்ற மூன்று வாரம் குனிந்து நிமிர வேண்டியிருந்தது.

அடுத்த வருடம் ஒழுங்காக நாளை எண்ணி, கதிர் அரிவாளோடு இறங்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, வடிவாப் பூத்திருக்கேக்க வெட்டுறீங்கள்?”

“இப்ப வெட்டலைன்னா விதை கொட்டிடும்மா. அடுத்த வருஷம் பூரா களை எடுக்கணும்.”

கொஞ்ச நேரம் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். “அப்ப பாதியை விடுங்கோவன். தேனீயள் பாவமெல்லே.”

அன்றைக்குப் பாதிப் பாத்தியோடு நிறுத்திவிட்டேன். இப்போது ஒவ்வொரு வருடமும் அவர் சொன்னபடிதான். பூ தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு பாதி, பத்தாம் நாள் மறு பாதி. முதலில் வெட்டிய இடத்தில் நாற்று நடும் வேலை நடக்க, மறுபாதியில் தேனீக்கள் மேய்ந்துகொண்டிருக்கும். தேனீக்களுக்கும் பூ திடீரென்று ஒரே நாளில் இல்லாமல் போவதில்லை.

வெட்டுவது சிரமமே இல்லை. தண்டுக்குள் வெறும் குழல், நிறையத் தண்ணீர். அரிவாள் இல்லாவிட்டால் செடி வெட்டும் பெரிய கத்தரிக்கோலே போதும். தரையை ஒட்டி வெட்டுங்கள், உயரத்தில் வெட்டினால் கணுவிலிருந்து மறுபடி தளிர்க்கும். வேரைப் பிடுங்காமல் மண்ணிலேயே விடுங்கள், அது மக்கும் வழியெல்லாம் காற்றும் தண்ணீரும் இறங்கும். வெட்டியதை அதே இடத்தில் பரப்பிவிட்டால் மூடாக்கு. இரண்டே நாளில் அந்த இடுப்பளவுப் பச்சை ஒரு விரற்கடை தடிமனுக்குச் சுருங்கிவிடும். மூன்று வாரத்தில் தேடினாலும் கிடைக்காது. இதை வைத்து மாதக்கணக்கில் மூடாக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் இவ்வளவு சீக்கிரம் மக்குவதால்தான் அடுத்த பயிருக்கு நாள் வீணாவதில்லை.

கோஸ், பசலை மாதிரி நாற்றாக நடுவதை ஒரு வாரத்தில் மூடாக்கை விலக்கி நடலாம். கேரட், வெந்தயம் போன்ற பொடி விதைகளுக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள், அல்லது வெட்டிய தழையை வாரிக் கம்போஸ்ட் குவியலில் போட்டுவிட்டு விதையுங்கள். பச்சைத் தழை மக்கிக்கொண்டிருக்கும் மண்ணில் பொடி முளைகள் தடுமாறும்.

பூண்டுப் பாத்திதான் என்றில்லை. புல்தரையைப் பெயர்த்துப் புதிதாகப் பாத்தி எடுப்பவர்கள் முதல் கோடையில் ஜூன் ஆரம்பத்தில் ஒரு தடவை, வெட்டிவிட்டு ஜூலை நடுவில் இன்னொரு தடவை என்று இரண்டு முறை விதைத்தால், களையும் அடங்கும், மண்ணும் கைக்கு இணங்கும். பட்டாணி முடிந்த இடம், சீக்கிரம் பறித்த உருளைக்கிழங்கு இடம் எல்லாமே இதற்கு ஏற்றவை. ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு மட்டும் வேண்டாம். அப்போது ஓட்ஸோ ‘ரை’ என்ற தானியமோ போடுவதே நல்லது, அவை குளிரைத் தாங்கும்.

இதைப் படித்துவிட்டு மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவர்கள் பக்வீட் விதைக்கு அலைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இது குளிர்ப் பிரதேசச் செடி. இந்தியாவில் இமயமலை மாநிலங்களிலும், தெற்கே நீலகிரி, பழனி மலைகளில் ஆங்காங்கேயும் வளர்வது அதனால்தான். சமவெளி வெயிலுக்குச் சணப்பு இருக்கிறது, தக்கைப்பூண்டு இருக்கிறது, கொழுஞ்சி இருக்கிறது, ஒரு பிடி தட்டைப்பயறு கூட இருக்கிறது. தழைச்சத்தையும் சேர்த்துக் கொடுக்கும் அவற்றை விட்டுவிட்டு இதைத் தேடுவதில் அர்த்தமில்லை. பூக்கும் நேரத்தில் வெட்ட வேண்டும் என்ற விதி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

எங்கள் தோட்டத்தில் வேலியோரம் ஒரு சின்னத் துண்டில், பீன்ஸ் கொடியைக் கழித்த பிறகு, ஆகஸ்ட் இருபது வாக்கில் கடைசிப் பிடி விதையைத் தூவுவேன். அதை வெட்டுவதில்லை. செப்டம்பர் கடைசியில், வேறு பூக்கள் குறைந்துவரும்போது, அது பூக்கும். வெயில் ஏறிய பிறகு தேனீக்கள் மெதுவாக வரும், குளிரில் அவற்றின் பறத்தல் கூடக் கனமாகத் தெரியும். அக்டோபரில் ஒரு நாள் இரவு உறைபனி விழும். காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியது போலக் கருத்துத் தொங்கும், தண்டுகள் மண்ணோடு படுத்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கத்து அம்மாவும் எட்டிப் பார்ப்பார். அதற்கடுத்த சனிக்கிழமை பூண்டுப் பற்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு, இந்த வருடத்துக்கென்று ஒதுக்கிய பாத்தியில் உட்கார வேண்டும்.